ஹெச்ஏஎல் பங்கு: தேஜஸ் ஏற்றுமதியை நம்பி இன்னும் வைத்திருக்கலாமா?

சூலூர்க்காரி
6 டிசம்பர் 2025, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான், பின்கதை கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூர். சிங்கப்பூர் வந்து பதினாறு வருடம் ஆகிறது, செங்காங்கில் இருக்கிறோம். அப்பா விசைத்தறி ஓட்டியவர். நாற்பது வருடம் தறிச் சத்தத்துக்குள் நின்றதில் காது மந்தமாகிவிட்டது. பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் இரண்டாம் தடவைதான் திரும்புவார். ஆனால் 2018இல் இந்தியாவில் செய்த தேஜஸ் போர் விமானப் படைப்பிரிவு எங்கள் ஊர் விமானப்படைத் தளத்துக்கு வந்ததிலிருந்து, அது மேலே போகும்போது மட்டும் சட்டென்று நிமிர்வார். சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். "நம்ம நாட்டுலயே செஞ்சது சாமி" என்பார்.

2022 பிப்ரவரியில் சிங்கப்பூர் விமானக் கண்காட்சிக்குத் தேஜஸ் வந்தது. கோவிட் நேரம் என்பதால் பொதுமக்களை உள்ளே விடவில்லை. நானும் மகளும் சாங்கி கடற்கரையில் போய் நின்றோம். கடல் பக்கமாகச் சாய்ந்து அது மேலேறியதை மகள் வீடியோ எடுத்தாள். அதைத் தாத்தாவுக்கு அனுப்பினோம். தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டினாராம், அம்மா சொன்னார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தேஜஸைச் செய்யும் இந்திய அரசு நிறுவனமான ஹெச்ஏஎல்லின் பங்கை நான் வாங்கியதில் கணக்கைவிட இந்தப் பாசம்தான் அதிகம். 2024 ஜூலையில் என்ஆர்இ (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான வங்கிக்) கணக்கு வழியாக 200 பங்கு, சராசரி 5,300 ரூபாய். அப்போது ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) 62 ரூபாய். ஆக, போட்டது சுமார் 17,000 வெள்ளி. பங்கு உச்சத்தில் இருந்த மாதம் அது என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்று விலை நாலாயிரத்து ஐந்நூறை ஒட்டி நிற்கிறது, வெள்ளி 69 ரூபாய் ஆகிவிட்டது. விற்றால் ஏறக்குறைய 13,000 வெள்ளி வரும். ரூபாயில் பார்த்தால் 15 சதவீத நட்டம். வெள்ளியில் பார்த்தால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விட்டது. டிவிடெண்ட் கொஞ்சம் வந்தது, வரி பிடித்தது போக.

நவம்பர் 21ஆம் தேதி துபாய் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமான்ஷ் சியால் இறந்துபோனார். அவர் சூலூரில் பணியாற்றியவர். ஞாயிற்றுக்கிழமை அவர் உடல் எங்கள் ஊர்த் தளத்துக்கு வந்து, அங்கிருந்துதான் இமாச்சலத்துக்குப் போனது. அப்பா அன்று ஃபோனில் சரியாகவே பேசவில்லை. மறுநாள் சந்தை திறந்ததும் பங்கு சரிந்தது. நான் இருக்கும் ஒரு முதலீட்டாளர் குழுவில் "இப்போ அள்ளலாமா?" என்று ஒருவர் கேட்டார். ஒரு வீட்டில் பிணம் எரிந்த சாம்பல்கூட ஆறியிருக்காது. அந்தக் குழுவிலிருந்து அன்றே வெளியே வந்துவிட்டேன்.

என் கேள்வி இதுதான். ஒன்றரை வருடமாக எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தை: "ஏற்றுமதி ஆர்டர் வரும், அப்போது பாருங்கள்". உண்மையில் வருமா? இந்த வார்த்தையை நம்பி இன்னும் வைத்திருக்கலாமா? மகள் இப்போது பாலிடெக்னிக் முதல் வருடம். 2028இல் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு என்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி இது.


பொங்கோல் வாசி
6 டிசம்பர் 2025, இரவு 11:25

அக்கா, அந்தக் குழுவை விட்டு வந்தது நல்ல காரியம். ஆனால் பங்கை விட்டு வர அவசரப்படாதீர்கள்.

நான் 2023 மார்ச்சில் அரசாங்கம் தன் பங்கில் ஒரு பகுதியை விற்றபோது வாங்கியவன். அப்போது குறைந்தபட்ச விலை 2,450 ரூபாய். அதே வருடம் செப்டம்பரில் ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தார்கள். அதனால் என் கணக்கும் உங்கள் கணக்கும் ஒன்றில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏற்றுமதியே வராவிட்டாலும் உள்நாட்டு ஆர்டர் மலை மாதிரி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் தேஜஸின் புதிய வகையான மார்க் 1ஏ 83. இந்த செப்டம்பரில் இன்னொரு 97, அது மட்டும் 62,370 கோடி ரூபாய். மார்ச்சில் 156 பிரசண்ட் போர் ஹெலிகாப்டருக்கு 62,700 கோடி. நாசிக்கில் புதிய தயாரிப்பு வரிசை தொடங்கி, அங்கே செய்த முதல் மார்க் 1ஏ அக்டோபர் 17ஆம் தேதி பறந்துவிட்டது. நவம்பரில் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்தோடு இன்னும் 113 என்ஜினுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு வேலை கையில் இருக்கும் கம்பெனியை ஒரு விபத்துக்காக விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏற்றுமதி வந்தால் அது மேலே கிடைக்கிற லாபம்.


லோயாங் மெக்கானிக்
7 டிசம்பர் 2025, காலை 9:10

சூலூர்க்காரி அக்கா, நான் லோயாங்கில் பயணிகள் விமான என்ஜின் பழுதுபார்க்கும் பட்டறையில் பதினேழு வருடமாக இருக்கிறேன். போர் விமானத்தில் கை வைத்ததில்லை. ஆனால் என்ஜின் வராமல் ஒரு வேலை எப்படி நிற்கும் என்று தினம் பார்க்கிறவன். என்னிடமும் கொஞ்சம் ஹெச்ஏஎல் இருக்கிறது, ஊரில் தம்பி பெயரில் இல்லை, என் பெயரிலேயே.

ஏற்றுமதியைப் பற்றி முதலில் சொல்கிறேன். 2022 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றத்தில் பாதுகாப்புத் துறை ஒரு பதில் கொடுத்தது. மலேசியா 18 விமானம் கேட்டிருந்தது, அதற்கு விலை கொடுத்திருக்கிறோம். அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, எகிப்து, அமெரிக்கா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆர்வம் காட்டுகின்றன என்று. அன்றைக்கு வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அப்புறம் என்ன நடந்தது? மலேசியா 2023இல் தென்கொரியாவின் எஃப்ஏ-50 போர் விமானத்துக்குப் போனது, 18 விமானம், 92 கோடி டாலர். அர்ஜென்டினா 2024இல் டென்மார்க்கிடம் பழைய எஃப்-16 வாங்க ஒப்பந்தம் போட்டது, 24 விமானம். இந்தோனேசியா பிரான்ஸின் ரஃபேல் 42. பிலிப்பைன்ஸ் ஏற்கெனவே வைத்திருந்த எஃப்ஏ-50இலேயே இந்த வருடம் இன்னும் 12 வாங்கிக்கொண்டது. அந்தப் பட்டியலில் இருந்து ஒரு தேஜஸ்கூட விற்கவில்லை. "ஆர்வம்" என்ற சொல்லுக்குப் பங்குச் சந்தையில் விலை ஏறும், ஆனால் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறாது.

அர்ஜென்டினா விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 1982இல் அவர்களோடு நடந்த ஃபாக்லாந்து தீவுச் சண்டைக்குப் பிறகு பிரிட்டன் தன் பாகங்கள் உள்ள ராணுவத் தளவாடம் அங்கே போக விடுவதில்லை. தேஜஸில் விமானி உட்காரும் வெளியேற்று இருக்கை பிரிட்டனின் மார்ட்டின் பேக்கர். என்ஜின் அமெரிக்காவின் எஃப்404. ஆக, நாம் விற்க நினைத்தாலும் இன்னும் இரண்டு நாடு தலையாட்ட வேண்டும்.

இப்போது என்ஜின். எஃப்404 குடும்பத்தில் தேஜஸுக்கு என்றே உள்ள வகை ஐஎன்20. முதலில் கேட்டதை எல்லாம் ஜிஇக்காரர்கள் 2016 வாக்கில் கொடுத்து முடித்தார்கள். மேற்கொண்டு ஆர்டர் வரவில்லை, அந்தத் தயாரிப்பு வரிசையை மூடிவிட்டார்கள். 2021இல் ஹெச்ஏஎல் 99 என்ஜின் கேட்டபோது, ஐந்து வருடம் தூங்கிக் கிடந்த வரிசையைத் திரும்ப எழுப்ப வேண்டியிருந்தது. வெளியில் இருப்பவர்களுக்கு இது சும்மா ஒரு சுவிட்ச் போடுகிற மாதிரித் தோன்றும். எங்கள் பட்டறையில் போன வருடம் ஒரு என்ஜின் ஏழு மாதம் ஸ்டாண்டிலேயே நின்றது. குறைந்தது ஒரே ஒரு செட் டர்பைன் பிளேடு. எல்லா வாயையும் சிவப்பு மூடி போட்டு அடைத்து, பிளாஸ்டிக் உறை சுற்றி வைத்திருந்தோம். வாரம் ஒருமுறை உறையைத் திறந்து ஈரம் பார்க்கும் சீட்டில் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்தப் பிளேடைச் செய்கிற வார்ப்புக் கூடம் ஒன்று, அதற்கு மூன்று பக்கமும் கூட்டம். பணம் இருந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஓடுகிற என்ஜினுக்கே இந்தப் பாடு. மூடிய வரிசைக்குச் சப்ளையர் ஒவ்வொருவரையும் திரும்பப் பிடித்து, ஒவ்வொரு பாகத்தையும் மறுபடி சோதித்துத் தேற்ற வேண்டும்.

99இல் முதல் என்ஜின் வந்தது 2025 மார்ச்சில். இதுவரை வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் மார்க் 1ஏ விமானத்தை 2024 மார்ச்சுக்குள் கொடுத்திருக்க வேண்டும். இன்றுவரை விமானப்படை கையில் ஒன்றுகூட முறையாகச் சேரவில்லை. பிப்ரவரியில் பெங்களூரு விமானக் கண்காட்சியில் விமானப்படைத் தளபதியே ஹெச்ஏஎல் மேல் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். சொந்த வீட்டுக்காரரே இப்படிச் சொல்லும்போது வெளியூர்க்காரர் எப்படி முன்பணம் கொடுப்பார்?

ஆனால் என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் வேறு. செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் கடைசி மிக்-21 போர் விமானம் ஓய்வு பெற்றது. இந்தியாவுக்கு 42 போர்ப்படைப் பிரிவு வேண்டும் என்று கணக்கு, இப்போது இருப்பது 29. மார்க் 1ஏ மொத்தம் 180 ஆர்டர். வருடத்துக்கு 24 செய்வோம் என்கிறார்கள். சொன்னபடியே செய்தாலும் ஏழரை வருடம் உள்நாட்டுக்கே சரியாகப் போய்விடும். 2022இல் போலந்து அவசரமாகக் கேட்டபோது கொரியா தன் படைக்குப் போக வேண்டிய விமானத்தைத் திருப்பி விட்டது. அதனால்தான் அடுத்த வருடமே எஃப்ஏ-50 அங்கே இறங்கியது. இந்தியா இன்றைக்கு இருக்கிற பற்றாக்குறையில் அப்படி எடுத்துக் கொடுக்குமா? கொடுக்கவும் கூடாது என்பது என் கருத்து. சூலூரில் உங்கள் அப்பா தலைக்கு மேல் பறப்பதற்கே விமானம் போதவில்லை.

அதனால் அக்கா, ஏற்றுமதி வந்தால் ஏறும் என்று வைத்திருக்காதீர்கள். வைப்பதென்றால் வேறு காரணத்துக்கு வையுங்கள். ஹெச்ஏஎல் வருமானத்தில் பெரும்பங்கு பழுதுபார்ப்பு, முழுச் சீரமைப்பு, உதிரிப்பாகத்தில் வருகிறது. விமானப்படையின் சுகோய் போர் விமானங்கள் பறக்கிற வரைக்கும் அதற்கு வேலை உண்டு. காலாண்டு முடிவு வரும்போது நான் லாபத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தேடுவது இரண்டே எண்: எத்தனை என்ஜின் வந்தது, எத்தனை விமானம் கையெழுத்துப் போட்டு வாங்கப்பட்டது.


பொங்கோல் வாசி
7 டிசம்பர் 2025, காலை 11:02

அண்ணே, என்ஜின் விவரத்துக்கு நன்றி. மூடிய வரிசை என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ரஃபேலும் இப்படித்தானே கிடந்தது? பிரெஞ்சுக்காரர்கள் படையில் சேர்த்துப் பத்து வருடத்துக்கு மேல் வெளியே ஒன்றுகூட விற்கவில்லை. 2015இல் எகிப்து முதலில் வாங்கியது. 2021இல் அமீரகம் 80 கேட்டது. ரஃபேலைச் செய்யும் தசோ கம்பெனியின் பங்கை நடுவில் விற்றவர்கள் வருத்தப்பட்டிருப்பார்கள். பிரம்மோஸ் ஏவுகணையை 2022இல் பிலிப்பைன்ஸ் வாங்கியதே, 37.5 கோடி டாலருக்கு. இந்தியப் பொருளை யாரும் வாங்க மாட்டார்கள் என்றில்லை.


லோயாங் மெக்கானிக்
7 டிசம்பர் 2025, பகல் 12:30

தம்பி, பிரம்மோஸ் விற்றது நமக்குப் பெருமைதான். ஆனால் பிரம்மோஸ் கம்பெனி பங்குச் சந்தையில் இல்லை, இந்திய ரஷ்யக் கூட்டு நிறுவனம். அந்தச் செய்தி வந்த அன்று ஹெச்ஏஎல்லை வாங்கினவர்கள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதின மாதிரி. ரஃபேல் நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஒரு வித்தியாசம், அதன் என்ஜின் பிரான்ஸிலேயே செய்கிற எம்88. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இன்னொன்று, நீ சொன்ன அந்தப் பத்து வருடம் அக்காவிடம் இல்லை. 2028 என்று எழுதியிருக்கிறார் பார்.


தெங்கா தாத்தா
7 டிசம்பர் 2025, மாலை 4:45

சூலூர்க்காரிம்மா, நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஆகாயப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றேன். இந்தியப் பங்கை நேரடியாக வாங்க எனக்கு வழி இல்லை, இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை எடுக்கவில்லை. என்னிடம் இருப்பது சிங்கப்பூர்க் கம்பெனியான எஸ்டி என்ஜினியரிங்கின் பங்கு. அதனால் உன் பங்கைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. எஃப்404 என்ற பெயரைப் பார்த்ததும்தான் எழுதத் தோன்றியது.

சிங்கப்பூர் ஸ்கைஹாக் போர் விமானங்களைப் பழையதாகத்தான் வாங்கியது. எண்பதுகளில் அதன் பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு எஃப்404 வகை என்ஜினை இங்கேயே மாட்டினார்கள். உடம்பு பழசு, இதயம் புதுசு. எங்கள் ஆகாயப்படையின் கறுப்பு வீரர்கள் (பிளாக் நைட்ஸ்) சாகசக் குழு ஒரு காலத்தில் பறந்தது அந்த விமானத்தில்தான். புது என்ஜின் வந்ததும் ஹேங்கரில் எங்கள் வேலையே மாறியது. என்ஜினுடைய ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம், முழுசையும் பிரிக்க வேண்டாம். ஆனால் ஒரு பாகம் ஸ்டோரில் இல்லை என்றால், நிற்கிற விமானத்திலிருந்து கழற்றிப் பறக்கிற விமானத்தில் மாட்டுவோம். ஒவ்வொரு தடவையும் இரண்டு வேலை, இரண்டு கையெழுத்து, இரண்டு விமானத்திலும் தப்பு நடக்க வாய்ப்பு. இரவு இரண்டு மணிக்கு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அதைச் செய்தவனுக்குத் தெரியும், ஒரு நாடு போர் விமானம் வாங்கும்போது முப்பது வருடத்து உதிரிப்பாகத்தை வாங்குகிறது. பறக்கிற அழகு அதற்கு அப்புறம்தான். மலேசியாக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே விமானத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று யோசித்துப் பார். அந்த எஃப்ஏ-50இலும் இருப்பது எஃப்404 குடும்ப என்ஜின்தான். போலந்து கேட்ட அடுத்த வருடமே கொரியா கொண்டுவந்து இறக்கியது.

எஸ்டி என்ஜினியரிங் போர் விமானம் செய்து யாருக்கும் விற்றதில்லை. பயணிகள் விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்றுகிறது, என்ஜின் பாகம் செய்கிறது, பழுது பார்க்கிறது. போன வருடத்துக்குப் பங்குக்கு 17 காசு டிவிடெண்ட் கொடுத்தது. இந்த வருடம் விலையும் நன்றாக ஏறிவிட்டது, அதனால் இப்போது போய் வாங்கு என்று நான் சொல்ல மாட்டேன். நான் சொல்ல வந்தது, இந்தத் தொழிலில் காசு ஹேங்கரில்தான் வருகிறது. லோயாங் தம்பி சொன்னதும் அதுதான்.

பணத்தை எந்த நாட்டில் செலவழிக்கப் போகிறாயோ அந்த நாட்டுக் காசில் அதை வைத்துக்கொள்ம்மா. பிள்ளையின் கட்டணம் வெள்ளியில் கட்ட வேண்டியது. உன் நட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நாணய மாற்றுத்தான் காரணம், விமானம் இல்லை.


சூலூர்க்காரி
8 டிசம்பர் 2025, இரவு 9:15

எல்லோருக்கும் மிகவும் நன்றி. தெங்கா ஐயா, அந்த டார்ச் விஷயத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மகள் பாலிடெக்னிக்கில் படிப்பதே விமானப் பொறியியல்தான், முதலில் சொல்ல விட்டுவிட்டேன். "அம்மா, ஐயாவிடம் இன்னும் கேட்கலாமா?" என்கிறாள். அனுமதி கொடுத்தால் தனியாகக் கேள்விகள் எழுதுவாள்.

நேற்று இரவு நானும் கணவரும் உட்கார்ந்து பேசினோம். 150 பங்கை விற்றுவிடுகிறோம். வருடம் தாண்டிவிட்டதால் நீண்டகால நட்டம் என்ற கணக்கில் வரும். ஊரில் வருமான வரிப் படிவத்தைக் கெடுவுக்குள் போட்டால் எட்டு வருடம் வரை பின்னால் வரும் நீண்டகால லாபத்தோடு கழித்துக்கொள்ளலாம் என்று எங்கள் ஆடிட்டர் சொன்னார். அந்தப் பணம் வெள்ளியாக மாறி இங்கே நிரந்தர வைப்பில் போகும். மகள் படிப்பைத் தவிர வேறு எதற்கும் அதைத் தொட மாட்டோம்.

50 பங்கு இருக்கட்டும். பொங்கோல் தம்பி சொன்ன ஆர்டரும் பொய் இல்லை. அதை ஏற்றுமதிக்காக வைக்கவில்லை. ஒவ்வொரு காலாண்டும் எத்தனை என்ஜின், எத்தனை விமானம் என்று லோயாங் தம்பி சொன்ன இரண்டு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதப்போகிறேன். 2026 முடிவுக்குள் மார்க் 1ஏ ஒரு படைப்பிரிவுக்காவது போய்ச் சேரவில்லை என்றால் அதையும் விற்றுவிடுவேன்.

அப்பாவிடம் இன்று காலை ஃபோனில் சொன்னேன், பாதிக்கு மேல் விற்கிறேன் என்று. இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். "பிள்ள படிப்புக்குத்தானே, வித்துக்கோ சாமி" என்றார். அப்புறம், இரண்டு வாரமாகச் சத்தமே இல்லாமல் இருந்த வானத்தில் இன்றைக்கு மறுபடி பறந்தது என்றார்.